கழித்தல் குறி விடுபட்ட ஒன்பது நாட்கள்

போன மாதம் முடிவெட்டும் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது செய்தித்தாளில் ஒரு வரைபடம் பார்த்தேன். நாட்டின் மின் உற்பத்தி பத்து வருடமாக எப்படிப் போகிறது என்று போட்டிருந்தார்கள். சூரிய ஒளிக்கு மஞ்சள் கோடு, காற்றாலைக்கு நீலம், நிலக்கரிக்குக் கறுப்பு. மஞ்சள் விறுவிறுவென்று ஏறுகிறது. கறுப்பு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. வீட்டுக்கு வீடு ஏசி மாட்டினால் அது எப்படி இறங்கும்? கீழே ஒரு பெட்டிச் செய்தி. ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க வெளியாகும் கரியமில வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறதாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கணக்கெல்லாம் யாருய்யா எடுக்குறாக? இவுங்களா அடிச்சு விடுறதா?" என்றார்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். அவர் சிரித்தார். நான் சொன்னது விளையாட்டு இல்லை. ராமநாதபுரத்துக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு துணை மின்நிலையத்தில் நான் ஆபரேட்டராக இருந்தவன். கோபுர லைனில் உயர் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை இறக்கி, ஊர்களுக்குப் பிரித்து அனுப்பும் இடம் அது. மணிக்கு ஒரு தடவை எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று தாளில் எழுதுவோம். அந்தத் தாள் கோட்ட அலுவலகம் போய், அங்கிருந்து சென்னை போய், பிறகு டெல்லி வரைக்கும் போய், கடைசியில் முடிவெட்டும் கடைக்குக் கோடாக வந்து சேருகிறது. அதில் ஒன்பது நாள் நான் தப்பாக எழுதினேன். பிறகு திருத்தியாகிவிட்டது. ஆனால் அந்த ஒன்பது நாளால் சவரிமுத்து அண்ணனுக்கு நேர்ந்ததைத் திருத்த முடியவில்லை. அதை நானே எழுதிவிடுவது நல்லது என்று படுகிறது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.டி.ஐ. படித்தேன், ஹெல்பராகச் சேர்ந்தேன், கம்பம் ஏறி முழங்கால் தேய்ந்தேன், பரீட்சை எழுதி ஆபரேட்டர் நாற்காலிக்கு வந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, காது. எங்கள் பக்கம் கடல்காற்றில் பீங்கான் இன்சுலேட்டர்களில் உப்புப் படியும். பனி விழும் நேரத்தில் அது சரசரவென்று பொரியும். எதைக் கழுவ வேண்டும், எது இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்குத் திமிர் உண்டு. யார் என்ன மீட்டர் கொண்டுவந்து மாட்டினாலும், "அதைவிட என் காது பெருசு" என்பேன்.

இரண்டாவது, எழுதுகிற முறை. நாங்கள் எழுதுவது பேனாவில். ரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அந்த எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. பழைய எண் கீழே படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கொப்பம். தப்பு செய்ததை மறைக்க வழியே வைக்காத முறை அது. ஆனால் தாளில் ஏறாத தப்புக்கு அதில் வழி இல்லை.

நான் பிறந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் கடைமடை. மேலே உள்ளவர்கள் எல்லாரும் பாய்ச்சிய பிறகு மிச்சம் இருந்தால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும். மடையைப் பார்த்துக்கொண்டே அய்யா வரப்பில் நிற்பார். தண்ணீர் மேலிருந்து கீழே வரும், அவ்வளவுதான். மின்சாரமும் எனக்கு அப்படித்தான் பழகியது. மதுரைப் பக்கமிருந்து வரும், நாங்கள் கடைசி. சாயங்காலம் ஆனால் அழுத்தம் குறைந்து, மண்டபத்திலிருந்து போன் வரும்: "சார், ஃபேன் சுத்துதான்னு பாக்க டார்ச் அடிக்க வேண்டியிருக்கு." மேலே இருந்து வந்தால்தானே கொடுக்க முடியும் என்று பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்தது.

பிறகு கருவேலங்காட்டை அழித்து, ஏக்கர் ஏக்கராகச் சூரியத் தகடு பதித்தார்கள். அந்த சோலார் நிலையத்தின் லைன் எங்கள் மின்நிலையத்தில்தான் வந்து சேர்ந்தது. அதற்காக முள்மீட்டர்களைக் கழற்றிவிட்டு, எண் காட்டும் புது மீட்டர்களை வைத்தார்கள். மாட்டியவர் சவரிமுத்து அண்ணன்.

அவர் மீட்டர் பிரிவில் டெக்னீஷியன். பாம்பன்காரர், மீன்பிடிக் குடும்பம். என்னைவிட மூத்தவர், ஓய்வுக்கு ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தது. ஒவ்வொரு வயர் முனையிலும் எண் போட்ட சின்ன வளையம் மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, பிறகுதான் முறுக்குவார். வேலை எங்கள் பக்கம் இருந்தால் மதியம் என்னோடுதான் சாப்பாடு. அவர் வீட்டுக் கணவாய் மீன் வறுவலுக்காகவே எங்கள் மீட்டர் கெட்டுப்போகாதா என்று நான் வேண்டிக்கொண்டதுண்டு. பதினோரு வருடமாக ஒரே பதவி. அடுத்து வரும் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் நிச்சயம் என்று எல்லாரும் சொன்னார்கள். "ஒரு நாளாச்சும் ஃபோர்மேனா இருந்துட்டு வீட்டுக்குப் போயிரணும் தம்பி" என்பார். வேறு ஆசை எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சோலார் நிலையம் முழுசாக ஓட ஆரம்பித்த முதல் நாள், எனக்குக் காலை எட்டு முதல் மாலை நாலு வரை ஷிஃப்ட். பதினொரு மணிக்கு ரீடிங் எடுக்கப் போனேன். மதுரை லைன் மீட்டரில் எட்டு மெகாவாட். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. கழித்தல் குறி.

மீட்டருக்கு வரும் வயர் முனைகள் இடம் மாறினால் இப்படிக் காட்டும். என் அனுபவத்தில் கழித்தல் குறி வந்தால் வயரிங் தப்பு என்றுதான் பொருள். ஆனால் காலை ஒன்பது மணிக்கு இதே மீட்டர் கோடில்லாமல் ஒழுங்காகக் காட்டியதே? அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: வெயில் ஏறுகிறது, எங்கோ ஒரு ஜாயிண்ட் சூடாகி விலகுகிறது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வெயில் ஏறியதால்தான், உண்மைதான். ஆனால் ஜாயிண்ட்டில் இல்லை. ஐம்பது அடி தள்ளி, சோலார் லைனின் மீட்டர் முப்பது மெகாவாட் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது இருபத்திரண்டு. மீதி எட்டு மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைமடையிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் ஏறிப் போகும் என்று யாராவது சொன்னால் நான் நம்புவேனா? அதுதான் நடந்தது.

நான் தாளில் "8" என்று எழுதினேன். கோடு போடவில்லை. குறிப்புப் பகுதியில், 'மெகாவாட் மீட்டர் வயரிங்கில் கோளாறு, சரிபார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சவரி அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போடவில்லை. மாற்று ஆள் இல்லாததால் வார விடுமுறையும் இல்லாமல் ஒன்பது நாள் தொடர்ந்து அதே ஷிஃப்ட். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணி ரீடிங்குகளில் கோடு வரும். நான் அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதுவேன். மின்நிலையத்தையே கட்டிக் காப்பாற்றுகிற பெருமை வேறு.

என் குறிப்பு ஆள் கைக்குப் போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு சவரி அண்ணன் வந்து பார்த்திருக்கிறார். அப்போது நான் வீட்டில். வெயில் இறங்கிவிட்டதால் மீட்டர் ஒழுங்காகக் காட்டியிருக்கிறது. 'வயரிங் சரியாக உள்ளது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சோலார் நிலையத்தில் அவர்களுடைய ஏதோ வேலைக்காக இரண்டு வாரம் உற்பத்தியை நிறுத்தினார்கள். கோடும் வரவில்லை. நான் எழுதியதால்தான் சரியானது என்று டீ குடிக்கும் இடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாதக் கணக்கு கோட்ட அலுவலகம் போனதும் வினை வந்தது. அந்த ஒன்பது நாளும் மின்நிலையத்துக்கு வந்த மின்சாரத்துக்கும் போன மின்சாரத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. அங்கே ஒருவர் என் குறிப்பைப் பார்த்தார், சவரி அண்ணன் வந்துபோன தேதியைப் பார்த்தார். வயரிங்கைத் தப்பாகச் செய்துவிட்டு, பிறகு யாருக்கும் தெரியாமல் வந்து மாற்றிவிட்டு, 'சரியாக உள்ளது' என்று பொய் எழுதியதாக சவரிமுத்துவுக்கு மெமோ.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். "தம்பி, நான் டெஸ்ட் மட்டும்தாம்ப்பா பண்ணேன். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடலை. நீ சொன்னா நம்புவாக" என்றார்.

"நான் நாலு மணிக்கே கெளம்பிட்டேனேண்ணே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும். ஒத்துக்கிட்டீகன்னா சின்னதா ஏதாச்சும் கொடுத்து முடிச்சிருவாக" என்று அறிவுரை வேறு சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "செய்யாததை எப்பிடிப்பா ஒத்துக்கிறது?" என்று கேட்டுவிட்டு, மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை சோலார் நிலையம் திரும்ப ஓடியது. பதினொரு மணிக்குக் கோடு வந்தது. சவரி அண்ணன் மாற்றிவிட்டார் என்றால் இது ஏன் திரும்ப வருகிறது? முதல் முறையாக எல்லா மீட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக் கூட்டிக் கழித்தேன். ஒரு சின்னப் புள்ளி பிசகில்லாமல் நேராக வந்தது. மீட்டர் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அன்றைக்குத் தாளில் கோட்டோடு எழுதினேன்.

அப்போதே போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மீட்டர் காட்டியதை மாற்றி எழுதுவது எங்கள் துறையில் லேசான குற்றம் இல்லை. தற்காலிகப் பணிநீக்கம் வரைக்கும் போகும். எனக்கு இன்னும் ஆறு வருடம் சர்வீஸ் இருந்தது. பயந்தேன். விசாரணையில் அவராகவே தப்பித்துக்கொள்வார், மீட்டரைச் சோதித்தால் தெரிந்துவிடும், நான் எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டேன். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள். செவ்வாய்க்கிழமை மதியம் பதவி உயர்வுப் பட்டியல் வெளியானது. மெமோ நிலுவையில் இருந்ததால் சவரிமுத்து பெயரை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை செயற்பொறியாளர் விசாரணைக்கு வந்தார். நூர்ஜகான் மேடம். கீழக்கரைப் பக்கத்தவர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. மின்நிலையத்துக்கு வந்தால் ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார மாட்டார். நின்றுகொண்டே தாளைப் புரட்டுவார். யாரிடமும் என்ன நடந்தது என்று முதலில் கேட்க மாட்டார். தாளைப் படித்து முடித்த பிறகுதான் ஆளைப் பார்ப்பார். தப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. பென்சிலால் இடத்தைக் காட்டி, "இது என்ன?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் எண்களை அழகாக எழுதினோம்.

அன்று ஒன்பது தாள்களை மேசையில் பரப்பினார். ஒரு பக்கம் சவரி அண்ணன், ஒரு பக்கம் நான். மேடம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்.

"முதல் நாள், பதினொரு மணி. மதுரை லைன்ல எட்டு. சோலார் லைன்ல முப்பது. மொத்தம் எவ்வளவு வந்திருக்கு?"

"முப்பத்தெட்டு மேடம்" என்றேன்.

"ஊருக்கு எவ்வளவு போயிருக்கு?"

"இருபத்திரண்டு."

பென்சிலை என்னிடம் நீட்டினார். "மீதியை நீங்களே போடுங்க."

பதினாறு என்று எழுதினேன். பன்னிரண்டு மணிக்கு மதுரை லைனில் பத்து; மீதி இருபது. ஒரு மணிக்கு ஒன்பது, மீதி பதினெட்டு. ஐந்தாவது கணக்கோடு பென்சிலைக் கீழே வைத்தேன். எந்த நாளிலும் எந்த மணியிலும், காணாமல் போன மின்சாரம் நான் மதுரை லைனுக்கு எழுதிய எண்ணுக்குச் சரியாக இரண்டு மடங்கு. கூட்ட வேண்டியதைக் கழித்தாலோ, கழிக்க வேண்டியதைக் கூட்டினாலோதான் இப்படி வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

மேடம் என்னைப் பார்த்தார். "மீட்டர் எட்டுன்னுதான் காட்டுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எட்டு என்றுதான் காட்டியது. சவரி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டிருந்தார். மின்நிலையத்துக்குள் அவர் வெறுங்காலோடு நின்று நான் பார்த்ததே இல்லை.

"எட்டுதான் மேடம். முன்னாடி ஒரு கோடு இருந்துச்சு. நான்தான் போடலை" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவப்புப் பேனாவை எடுத்து வைத்தார். "முறைப்படி திருத்துங்க."

முப்பத்தாறு எண்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு, மேலே கழித்தல் குறியோடு அதே எண், பக்கத்தில் சுருக்கொப்பம். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த ஒன்பது நாள் மதியமும் எங்கள் ஊர் வெயில் மதுரை வரைக்கும் போய் விளக்கெரித்திருக்கிறது. அத்தனையையும் நான் எங்கோ நிலக்கரி எரித்து எங்களுக்கு வந்ததாக எழுதி வைத்திருக்கிறேன். வராத புகையைக் கணக்கில் ஏற்றியவன் நான்.

சவரி அண்ணனை அனுப்பிவிட்டு மேடம் என்னை நிறுத்தினார். ஒன்பது தாள்களுக்கு அடியிலிருந்து இன்னும் மூன்று தாள்களை எடுத்தார். திங்கள், செவ்வாய், புதன். "இதுல கோடு சரியாப் போட்டிருக்கீங்க" என்றார். "திங்கட்கிழமை ஒரு போன் பண்ணியிருந்தா நான் பட்டியலை நிறுத்தியிருப்பேன். இதை நான் எழுதினா உங்களுக்கு இன்னொரு மெமோ. அதனால அவருக்கு ஒண்ணும் கிடைக்கப் போறதில்லை. அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லிர்றேன் மேடம்" என்றேன்.

சவரி அண்ணனுடைய மெமோவை ரத்து செய்தார்கள். எனக்குக் கண்டிப்பு ஆணை வந்தது, சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. அடுத்த பட்டியல் வருவதற்குள் அவர் டெக்னீஷியனாகவே ஓய்வு பெற்றுவிட்டார். அந்த எட்டு மாதமும் எங்கள் பக்கம் வேலை இருந்தால் என்னோடுதான் சாப்பிட்டார். கணவாய் வறுவலை எப்போதும்போல எனக்குப் பாதி ஒதுக்கி வைத்தார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று தள்ளுவேன். மேடம் மாற்றலாகிப் போனார். நானும் ஓய்வு பெற்றேன்.

போன வாரம்தான் பாம்பனுக்குப் போனேன். வீட்டு வாசலில் பெயர் செதுக்கிய கல். சவரிமுத்து என்ற பெயருக்குக் கீழே, பதவியைச் செதுக்க விட்ட ஒரு வரி இடம் வழவழவென்று காலியாக இருந்தது. உள்ளே அவர் பக்கத்து வீட்டுப் படகுக்கு ஒரு விளக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு வயர் சீவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். திங்கள், செவ்வாய், புதன், பட்டியல், பயம், எல்லாவற்றையும்.

கத்தியைக் கீழே வைத்தார். "தெரியும் தம்பி" என்றார்.

"மேடம் சொன்னாகளா?"

"அவுக ஒண்ணும் சொல்லலை. அந்த மூணு தாளும் அங்கனதான கெடந்துச்சு. ஓரம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் மீட்டர்காரன்ல, எண்ணுக்கு முன்னாடி என்ன இருக்குன்னுதான் மொத பாப்பேன்."

"அப்பறம் ஏண்ணே எங்கிட்ட கேக்கலை?"

அவர் வயரை எடுத்து விரலில் சுற்றினார். "நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். நான் ரிட்டையராகுற அன்னைக்கு மாலையோட மேடையேறி வந்தேல்ல, அன்னைக்கு எப்பிடியும் சொல்லிருவன்னு நெனச்சேன்."

அன்று நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சவரிமுத்து அண்ணனின் நேர்மையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன்.